வியாழக்கிழமை வந்த குரல்

பாடகியின் குரல் வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு அந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. பாடகி வந்து சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இடையில் இருந்த மூன்று நாளும் குரல் தனியாகத்தான் இருந்தது. யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை. லேத் பட்டறைக்கு மேலே, பதினெட்டுப் படி ஏறினால் வரும் அறுபத்திரண்டு நாற்காலி அரங்குக்குத்தான் அது வந்தது. அரங்குக்கு முறையான பெயர் ஒன்று வாசல் பலகையில் உண்டு. ஆனால் ஊரில் எல்லோரும் அதை ‘மாடி’ என்றுதான் சொன்னார்கள். பெரிய அரங்குகள் கூப்பிடாத பாட்டுக்காரர்கள், இன்னும் கூப்பிடாதவர்கள், ஒரு காலத்தில் கூப்பிட்டு இப்போது மறந்துபோனவர்கள், எல்லோரும் தங்கள் பெட்டிகளைத் தாங்களே தூக்கிக்கொண்டு அந்தப் படியில் ஏறியிருக்கிறார்கள். குரலும் படி வழியாகத்தான் ஏறியது. பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கியதை, அப்போது தரையைக் கூட்டிக்கொண்டிருந்த ஆபரேட்டரம்மா தன் காதால் கேட்டார்.

மாடியை நடத்திய தம்பதியில் மனைவிதான் ஆபரேட்டரம்மா. தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். முகம் மறந்துபோகும், பெயர் மறந்துபோகும், குரல் மட்டும் மறக்காது. இருபது வருடத்துக்கு முன்னால் தவறான எண்ணுக்குப் பேசியவரைக்கூட மளிகைக்கடையில் பின்னாலிருந்து கேட்டே கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்டவர், வந்திருப்பது யார் என்று இரண்டாவது மூச்சிலேயே தெரிந்துகொண்டார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, “லைன்லயே இருங்க, இதோ வந்துடறேன்” என்று பழைய வழக்கப்படி சொல்லிவிட்டு, உள்ளே மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்த கணவரிடம் போனார்.

“அந்தப் பாடகி வந்துட்டாங்க.”

“ஞாயித்துக்கிழமைன்னுதானே சொன்னாங்க?”

“ஆள் வர்றது ஞாயித்துக்கிழமைதான். குரல் வந்துடுச்சு.”

கணவர் வேலைக்காலம் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவர். ஊரில் அவருக்குப் பெயரே லிஃப்ட்காரர்தான். ஆளே ஏறாத லிஃப்ட் தானாக ஐந்தாவது மாடிக்குப் போய்க் கதவைத் திறந்துகொண்டு நிற்பதை எத்தனையோ தடவை பார்த்தவருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் தோன்றவில்லை. ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, மூன்றாவது வரிசையில் நடைபாதை ஓரமாக இருந்த நாற்காலியில் ‘ஒதுக்கப்பட்டது’ என்ற அட்டையை வைத்தார். குரல் அதில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது.

மாடிக்கு அப்போது நேரம் சரியில்லை. அரங்கு என்று உரிமம் வாங்கிய இடம் வருடத்தில் ஒருமுறையாவது முழுதாக நிரம்ப வேண்டும், நிரம்பாவிட்டால் அது கிடங்கு என்று ஆகிவிடும் என்று நகராட்சியில் ஒரு விதி இருந்தது. அதை எழுதியது யார், எதற்காக எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எழுதியாகிவிட்டது. போன வருடம், எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் திடீர் மழைக்குப் பயந்து மொத்தமாக மாடி ஏறியதால் தப்பித்தார்கள். இந்த வருடம் மழையும் கைவிட்டது. அதிகபட்சமாக ஒரு நாள் நாற்பத்தொரு பேர் வந்தார்கள். அதில் இருவர் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர்கள். உரிமத்தின் கடைசி நாள் அந்த ஞாயிற்றுக்கிழமை. கீழே லேத் பட்டறை வைத்திருந்தவருக்கு இரும்புக் கம்பிகள் வைக்க இடம் போதவில்லை. மாடி கிடங்கானால் அவருக்குத்தான் என்று பேச்சு. அவர் கெட்டவர் இல்லை. போன மாதமே டேப்பை எடுத்துக்கொண்டு மேலே வந்து, நீளம் அகலம் எல்லாம் அளந்து, “அளந்து வச்சிக்கறதுல தப்பில்லையே, தங்கச்சி” என்று ஆபரேட்டரம்மாவிடம் சொல்லிவிட்டு, அவர் கொடுத்த டீயையும் குடித்துவிட்டுப் போனார்.

பாடகி அப்போது எங்கே இருந்தாள் என்றால், இருநூறு மைல் தள்ளி வேறோர் ஊரில், ஒரு விடுதி அறையில், வாயைத் திறந்துகொண்டு நின்றாள். முந்தின நாள், புதன்கிழமை சாயங்காலம், அந்த ஊர் உணவுவிடுதி ஒன்றில் அவளுக்குக் கச்சேரி. தட்டுச் சத்தத்துக்கும் கரண்டிச் சத்தத்துக்கும் நடுவில் கிதாரை வைத்துக்கொண்டு நான்காவது பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது, முன்மேசையில் இருந்தவர் கையை உயர்த்தி, “கொஞ்சம் சத்தம் கம்மி பண்ணிக்கறீங்களா? நாங்க பேசிக்கிட்டிருக்கோம்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பாடகியும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள், குறைத்தாள், இன்னும் எட்டுப் பாட்டுப் பாடி முடித்தாள். இருபத்துமூன்று வருடமாக ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவளுக்கு இது புதிதில்லை. ஆனால் குரலுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. வியாழக்கிழமை காலையில் எழுந்து, துண்டு எங்கே என்று கேட்க வாயைத் திறந்தபோது, அது இல்லை.

துண்டு எங்கே என்று அவள் கேட்க நினைத்தது நாத்தனாரிடம். நாத்தனார் என்றால் முன்னாள் கணவரின் தங்கை. பாடகியைக் கட்டியவர் பதிமூன்று வருடத்துக்கு முன்னால், ஊர் சுற்றுகிற பெண்டாட்டி வேண்டாம் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அண்ணனைத் திட்டிப் புத்தி சொல்லலாம் என்று தன் பெட்டியோடு வந்த தங்கை, வாசலில் அவருக்கு எதிரில் வந்தாள். அவர் பெட்டி வெளியே போனது, இவள் பெட்டி உள்ளே வந்தது. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள் போகவேயில்லை. வேன் ஓட்டக் கற்றுக்கொண்டாள், மைக்கும் மிக்ஸரும் கற்றுக்கொண்டாள், தேவைப்பட்டால் மரப்பெட்டியில் உட்கார்ந்து தாளமும் போட்டாள். வாய் மட்டும் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வந்தது. ஊருக்கு ஊர் புருஷன் எங்கே என்று யாராவது விசாரித்தால், “எங்கண்ணன் கழண்டுட்டாரு, நான் ஒட்டிக்கிட்டேன். நஷ்டம் அவருக்குத்தான்” என்பாள்.

அன்றைக்கு நாத்தனார் முதலில் சிரித்தாள், அப்புறம் வெந்நீர் வைத்தாள், அப்புறம் பயந்துபோய் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார், கண்ணாடி விட்டுப் பார்த்தார், கடைசியில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“தொண்டையில ஒரு குறையும் இல்லம்மா. நல்லா சுத்தமா இருக்கு. ஆனா உள்ள யாரும் இல்ல.”

“எப்ப வருவாங்க?” என்று கேட்டாள் நாத்தனார்.

“அது போன இடத்தைப் பொறுத்தது” என்றார் மருத்துவர். மருந்து எதுவும் எழுதவில்லை.

பாடகி இதைக் கேட்டு அழவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது. அவளுடைய அண்ணன் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். திங்கட்கிழமை பத்து மணிக்குப் போய்ச் சேர வேண்டும். நாற்பத்தாறு வயதாகிறது, இனிமேலும் வேனில் தூங்கி எழுந்து எத்தனை நாள் என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் சரி என்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கச்சேரிதான் கடைசி என்று முடிவாகியிருந்தது. இப்போது அதுவும் இல்லை என்றால், கதை முடிந்தது, அவ்வளவுதான். பழைய பாட்டுப் பட்டியலின் பின்பக்கத்தில், ‘மாடிக்கு போன் பண்ணி வர முடியாதுன்னு சொல்லிடு’ என்று எழுதிக் காட்டினாள்.

“நான் சொல்ல மாட்டேன் அண்ணி. பாட்டு உங்களுது. முடியாதுங்கறதையும் நீங்களே சொல்லுங்க.”

‘எப்படிச் சொல்றது?’ என்று எழுதினாள் பாடகி.

“நேர்ல போய் எழுதிக் காட்டுங்க.” சொல்லிவிட்டு நாத்தனார் போனையும் அணைத்துப் பெட்டியில் போட்டாள். பாடகியின் அண்ணன் மணிக்கு ஒருதரம் கூப்பிட்டு வேலையை ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அதனால், குரல் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்ல ஆபரேட்டரம்மா வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாளும் முயன்றும் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. முப்பத்தொரு வருட சர்வீசில் தனக்கு இணைப்புக் கிடைக்காமல் போனது அப்போதுதான் முதல்முறை என்று அவர் பிற்பாடு குறைபட்டுக்கொண்டார்.

குரல் சும்மா இருக்கவில்லை. வியாழக்கிழமை முழுக்க அரங்கைப் படித்தது. இடப்பக்கச் சுவர் கீழ்ஸ்வரத்தை விழுங்கும், பின்மூலை எதையும் இரண்டாகத் திருப்பித் தரும், மேடைக்கு வலப்பக்கம் ஒரு பலகை மேல்ஸ்வரத்துக்கு அதிரும் என்பதையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டது. வெள்ளிக்கிழமை கீழே இறங்கியது. பட்டறையில் பெரிய லேத் ஓடிக்கொண்டிருந்தது. குரல் அதன் சுருதியிலேயே போய் நின்றது. பட்டறைக்காரர் இயந்திரத்தில்தான் ஏதோ கோளாறு என்று நிறுத்தினார்; லேத் நின்றது, சத்தம் நிற்கவில்லை. மறுபடி ஓட்டினார், இப்போது குரல் லேத்துக்குக் கொஞ்சம் மேலே ஏறி நின்று, இரண்டும் சேர்ந்து ஒரு மாதிரி இனிமையாகி, அவர் கை தானாகவே பக்குவமாக நகர்ந்தது. அன்று மத்தியானம் அவர் கடைந்த போல்ட் எல்லாம் ஸ்பானர் இல்லாமல் விரலாலேயே ஏறி இறங்கின. சாயங்காலம் குரல் சலவைக்கடைக்குப் போனது, தையல்கடைக்குப் போனது. முடிதிருத்தும் கடையில் கத்தி பாதியில் நின்றுவிட்டதால் வங்கிக் காசாளர் ஒருவர் ஒருபக்க மீசையோடு எழுந்து போனார். மறுபக்கத்தை எடுக்கவும் அவருக்கு மனம் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை.

குரலிடம் ஒரே ஒரு குறைதான் இருந்தது. அதற்கு வார்த்தை இல்லை. வார்த்தைகள் எல்லாம் இருநூறு மைல் தள்ளி, வாயோடு இருந்தன. குரல் மூன்று நாளும் திரும்பத் திரும்ப ஒரே மெட்டைத்தான் பாடியது. அது என்ன பாட்டு என்று ஊரில் சண்டையே வந்துவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் பாடுவது என்றார் முடிதிருத்துபவர். அதெல்லாம் இல்லை, கல்யாணம் நிச்சயமானவள் பாடுவது என்றார் தையல்காரர். பத்து வருடமாக ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் அன்று தனித்தனி மேசையில் உட்கார்ந்தார்கள். பட்டறைக்காரர் இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. “யாரோ யாருக்கோ நன்றி சொல்ற மாதிரி இருக்கு” என்றார். அவரை யாரும் மதிக்கவில்லை, இரும்படிக்கிறவருக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் பாட்டின் வார்த்தைகளோடு ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு ஓர் அம்மா வருகிறார்கள் என்ற செய்தி சனிக்கிழமைக்குள் ஊரின் கடைசித் தெருவரை போய்விட்டது. ஞாயிறு நான்கு மணிக்குத்தான் மாடியில் எப்போதும் கச்சேரி. பட்டறைக்கு அன்றுதான் விடுமுறை.

ஞாயிற்றுக்கிழமை வேன் அந்தத் தெருவில் திரும்பியபோது நிறுத்த இடமில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே தெருவில் வந்தபோது மொத்தம் ஏழு பேர் கேட்டார்கள். அன்றைக்கு வேனின் சக்கரம் காற்றுப் போய்விட்டதால் நாத்தனார் பஞ்சர் ஒட்டப் போய்விட்டாள். பாடகி தனியாகவே மேடையேறினாள். கடைசியாக, அந்த வாரம்தான் எழுதிய ஒரு பாட்டைப் பாடினாள். பாடி முடித்ததும் ஏழு பேரில் ஒருவர்கூடக் கை தட்டவில்லை. அறையே கல்லாய்க் கிடந்தது. அவள் கிதாரைப் பெட்டியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அந்தப் பாட்டை அதற்குப் பிறகு எங்கேயும் எடுத்ததில்லை.

இப்போது தெருவில் நின்றவர்களைப் பார்த்து, “யாராவது செத்துட்டாங்களா?” என்று நாத்தனார் இறங்கி விசாரித்தாள். இல்லை, கச்சேரி என்றார்கள். கையில் ‘மன்னிக்கவும், என்னால் பாட முடியாது’ என்று பெரிய எழுத்தில் எழுதிய தாளை வைத்துக்கொண்டு பாடகி கூட்டத்தில் புகுந்து படியேறினாள். பத்தாவது படியில் அவள் கால் நின்றுவிட்டது. உள்ளே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

இருபத்துமூன்று வருடமாக ஆயிரத்துச் சொச்சம் கச்சேரி செய்தவள், தன் கச்சேரிக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. பதிவுகளைக் கேட்டிருக்கிறாள், கேட்டவுடன் நிறுத்திவிடுவாள், அது யாரோ ஜலதோஷம் பிடித்தவள் என்று தோன்றும். மேடையில் நிற்கும்போது தன் குரல் தன் எலும்புக்குள்தான் கேட்கும், அடுத்த வார்த்தை என்ன, மைக் கிட்டே இருக்கிறதா, அந்த ஆள் ஏன் எழுந்து போகிறார் என்ற கவலைக்கு நடுவில். இப்போது அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. படியில் உட்கார்ந்தாள். குரல் அவசரப்படாமல் மெட்டின் மேல்பகுதிக்கு ஏறியது, அங்கே ஒரு விநாடி, விழுமோ விழாதோ என்று நின்றது, பிறகு காகிதம் இறங்குவதுபோல இறங்கியது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாருடைய குரலாக இருந்தாலும் இப்படித்தான் சிலிர்த்திருப்பாள். ‘நல்லா இருக்கே’ என்று நினைத்தாள். பொறாமையாகக்கூட இருந்தது. பிறகு அது யார் என்றும், அது பாடுவது பதினோரு வருடமாகத் தான் எடுக்காத பாட்டு என்றும் நினைவு வந்து, சத்தமே வராத அழுகையாக அழுதாள். மேலிருந்து இறங்கி வந்த ஆபரேட்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையிலிருந்த தாளை வாங்கிப் படித்து, நான்காக மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

“அன்னிக்கு நாங்க கை தட்டல, ஞாபகம் இருக்கா? நீங்க கோச்சுக்கிட்டுப் போயிட்டீங்கன்னு எனக்கு இத்தனை வருஷமா உறுத்தல்தான். தட்டினா முடிஞ்சுபோயிடுமேன்னு ஏழு பேருக்கும் பயம், கண்ணு. அதான் தட்டல. இது உங்க குரலுக்குத் தெரிஞ்சிருக்கு, உங்களுக்குத்தான் தெரியல. எழுந்து வாங்க, வந்து மூணு நாளாச்சு, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு.”

நான்கு மணிக்கு அறுபத்திரண்டு நாற்காலியும் நிறைந்தன, அறுபத்தொன்றில் ஆட்களும் ஒன்றில் குரலும். நகராட்சி ஆய்வாளர் வாசலில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அட்டை வைத்த நாற்காலியைச் சேர்ப்பதா கூடாதா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் சுவரோரம் இரண்டு வரிசை நின்றுவிட்டது, படிக்கட்டு நிறைந்துவிட்டது. எண்ணிக்கையை விட்டுவிட்டு அவரும் உள்ளே ஒண்டிக்கொண்டார். ஒருபக்க மீசைக்காரர் வந்திருந்தார். பட்டறைக்காரர் முதல் வரிசையில் டேப் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். நாத்தனார் பின்னால் மிக்ஸரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணி என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கும் தெரியாது.

பாடகி மேடையேறி, கிதாரை மீட்டி, மைக்குக்கு முன்னால் வாயைத் திறந்தாள். வார்த்தைகள் உதட்டில் வந்தன, சத்தம் வரவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து குரல் தொடங்கியது, ஆனால் இவள் வாய் ஓரிடத்திலும் அது ஓரிடத்திலுமாக இருந்தது. குரல் இரண்டு அடி முன்னால் போனது. இவள் துரத்தினாள், அது இன்னும் முன்னால் போனது. சந்தையில் கையை உதறிக்கொண்டு ஓடுகிற குழந்தையும் தாயும்போல இரண்டு நிமிடம் இது நடந்தது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பாடகி மீட்டுவதை நிறுத்தினாள்.

பாடகிக்கு முகம் சுட்டது. அந்த நிமிடம் அவள் நினைத்திருந்தால் பக்கவாசல் வழியாக இறங்கி வேனில் போய் உட்கார்ந்திருக்கலாம்; திங்கட்கிழமை பத்து மணிக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்திருக்கலாம். அவள் கிதாரோடு மேடையிலிருந்து முன்பக்கமாகவே இறங்கி, நடைபாதையில் நடந்து, மூன்றாவது வரிசைக்கு வந்தாள். அட்டை வைத்த நாற்காலிக்கு அடுத்ததில் இருந்த சலவைக்கடை அம்மாள் ஒன்றும் கேட்காமல் எழுந்து இடம் கொடுத்தார். பாடகி உட்கார்ந்தாள். குரல் இன்னும் பாடிக்கொண்டுதான் இருந்தது. இவள் அதைத் துரத்தவில்லை, அடக்கவில்லை. தலையைச் சாய்த்து, மெட்டு ஒரு சுற்று முடியும்வரை, மற்றவர்களைப்போலவே கேட்டாள். முடிந்ததும் அந்த வெற்று நாற்காலியின் பக்கம் திரும்பி, காதில் ரகசியம் சொல்வதுபோல, சத்தமில்லாமல் முதல் வரியைச் சொன்னாள். குரல் கொஞ்சம் யோசித்தது. பிறகு எடுத்துக்கொண்டது.

பெட்டி கட்டிப் போனவர் போனார்,
பெட்டி பிரித்து நின்றவள் நின்றாள்;
வாசல் ஒன்றுதான், அம்மா,
வாசல் ஒன்றுதான்.

பாடகி வரி வரியாகக் கொடுத்தாள், குரல் வாங்கி வாங்கிப் பாடியது. மூன்றாவது வரியிலேயே யார் கொடுக்கிறார்கள், யார் வாங்குகிறார்கள் என்பது தெரியாமல் போய்விட்டது. குரல் நாற்காலியிலிருந்து எழுந்தது. இடப்பக்கச் சுவரைத் தவிர்த்து, பின்மூலையில் தன்னையே இரண்டாக்கிக்கொண்டு, வலப்பக்கப் பலகையை அதிரவிட்டு, படியில் நின்றவர்களின் தலைக்கு மேலாக இறங்கித் தெருவுக்குப் போனது. தெருவில் நின்ற முந்நூறு பேருக்கும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. தையல்காரரும் முடிதிருத்துபவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் தோற்றுப்போனதில் இரண்டு பேருக்கும் சந்தோஷம். பட்டறைக்காரர் மட்டும் திரும்பி, பின்வரிசைக்காரர்களிடம் தலையை ஆட்டி, நான் சொன்னேனா இல்லையா என்பதுபோலப் பார்த்தார்.

பின்னால் மிக்ஸரில் முள் அசையவேயில்லை. மைக்கில் யாரும் பாடவில்லையே. நாத்தனாருக்கு அதைப் பார்க்கத் தோன்றவில்லை. வேன் ஓட்டும் கையைப் பற்றி ஒரு வரி வந்தது, மழையில் மைக்கைத் தன் சட்டைக்குள் போட்டுக் காப்பாற்றியவளைப் பற்றி ஒரு வரி வந்தது, கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் வாயைப் பற்றி ஒரு வரி வந்தபோது கூட்டம் சிரித்தது. அதற்கு மேல், எல்லாம் யாரைப் பற்றி என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. பாட்டு முடிந்து குரல் தன் நாற்காலிக்குத் திரும்பியது. இந்தமுறை அவர்கள் கை தட்டினார்கள். கூரையில் காரை உதிர்ந்தது, கீழே பட்டறையில் அடுக்கிவைத்த போல்ட்டுகள் தாளம் போட்டன, பேருந்து ஓட்டுநர் ஒருவர் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு ஹாரனை விடாமல் அழுத்தினார். அந்த அமளியில் நாத்தனார் மூன்றாவது வரிசைக்கு வந்து, அண்ணியின் முன்னால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

“இத்தனை வருஷம் இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க, அண்ணி?”

“நீ பஞ்சர் ஒட்டப் போயிருந்தடி” என்றது அடுத்த நாற்காலி, பாடகியின் உதடு அசைய.

நாத்தனார் அண்ணியின் தலையில் விழுந்திருந்த காரைத்தூசியைத் தட்டிவிட்டு, புறங்கையால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மரப்பெட்டியை இழுத்துப் போட்டு அதே இடத்தில் உட்கார்ந்து தாளத்தை ஆரம்பித்தாள். அதே பாட்டை அன்று மூன்று தரம் கேட்டார்கள். அதற்குப் பிறகு பதினான்கு பாட்டு. எல்லாவற்றையும் மூன்றாவது வரிசையிலிருந்தே பாடினாள். வெயில் சாயும்போது முடித்தார்கள். ஆய்வாளர் தன் அறிக்கையில் ‘நிரம்பியது. படிக்கட்டும் நிரம்பியது. தெருவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாடிக்கு உரிமம் கிடைத்தது. பட்டறைக்காரர் தன் கம்பிகளைச் செங்குத்தாக நிறுத்திவைக்க வழி கண்டுபிடித்தார். வருடக்கணக்காக ஏன் இது தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை பாடகி எழுந்தபோது குரல் மறுபடியும் இல்லை. இந்தமுறை அவள் மருத்துவரைத் தேடவில்லை. நாத்தனார் போனைத் திறந்ததும் முதலில் பாடகியின் அண்ணன்தான் வந்தார். “எங்க இருக்கீங்க? பத்து மணிக்கு அவ அங்க நிக்கணும்!” என்று கத்தினார். அதற்கு நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் இன்னோர் அழைப்பு குறுக்கே வந்தது. கிழக்கே தொண்ணூறு மைலில் ஓர் ஊர். பழைய ஐஸ் கிடங்கு ஒன்றை ஐம்பது நாற்காலி அரங்காக்கியிருந்தவர் பேசினார். தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

“அம்மா, உங்க பாடகியோட குரல் இங்க வந்து உக்காந்திருக்கு. நாங்க கூப்பிடல. ஆனா ஊர்ல எல்லாரும் கேட்டுட்டாங்க. ஆள் எப்ப வர்றீங்க?”

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி பாட்டுப் பட்டியலின் பின்பக்கத்தில் ‘வியாழன்’ என்று எழுதிக் காட்டினாள். பிறகு, யோசித்து, அதன் கீழே, ‘அண்ணனிடம் நன்றி சொல்லு. மரியாதையாகச் சொல்லு’ என்றும் எழுதினாள். நாத்தனார் இரண்டையும் செய்தாள்; இரண்டாவதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு குரல்தான் பயணத்தைத் தீர்மானித்தது. புத்தகக்கடைப் பரண், மூடிப்போன நூற்பாலையின் சாப்பாட்டு அறை, படகுத்துறைக் காத்திருப்புக் கூடம், தீயணைப்பு நிலையத்தின் பின்கட்டு என்று அது போய் உட்கார்ந்த இடமெல்லாம் இரண்டு மூன்று நாளில் வேன் வந்து நின்றது. ஊர்கள் பழகிக்கொண்டன. சுவரொட்டியில் ‘குரல்: புதன் முதல். பாடகி: சனி, மாலை 4’ என்று அச்சடித்தார்கள். குரல் இல்லாத நாட்களில் பாடகி வார்த்தைகளை எழுதினாள்; பேச முடியாதவளுக்கு எழுத எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று முன்பே தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த ஆறு வருடத்தில் நூற்றுநாற்பது பாட்டு எழுதினாள். பெரிய நிறுவனம் ஒன்று பாடகி வேண்டாம், குரலோடு மட்டும் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறோம் என்று வக்கீலை அனுப்பியது. கையெழுத்துப் போடக் குரலுக்குக் கை இல்லை என்பதால் அது நடக்கவில்லை. விளையாட்டு மைதானத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இன்னொருவர் ஒரு மாதம் காத்திருந்தார். குரல் வந்தது, மைதானத்தைச் சுற்றிப் பார்த்தது, எதிரே இருந்த செருப்புக்கடை மாடிக்குப் போய்விட்டது. நூறு நாற்காலிக்கு மேலே இருக்கும் இடத்துக்கு அது இன்றுவரை பாடப் போனதில்லை. ஆனால் அது பாடிய இடத்தில் கச்சேரி நாளன்று ஒரு நாற்காலியும் காலியாக இருந்ததில்லை.

போன வாரம் மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து ஓர் இளம்பெண் கூப்பிட்டாள். அப்பாவின் அச்சகத்தை அரங்காக்கித் திறந்து இருபது நாள்தான் ஆகிறதாம். முதல் கச்சேரியே இதுதானாம்.

“அக்கா, அவங்க வந்துட்டாங்க. காலையிலேர்ந்து மெஷின் மேல உக்காந்திருக்காங்க. ரூம் போடணுமா? குடிக்க ஏதாவது குடுக்கணுமா? எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“ஒண்ணும் வேணாம்மா” என்றாள் நாத்தனார், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு வேனைக் கிளப்பியபடி. “நீ உன் வேலையப் பாரு, அது அது வேலையப் பாத்துக்கும். மேடைப் பலகை ஆடுதான்னு மட்டும் ஒரு தடவை பாத்து வை. நாங்க வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்துடுவோம்.” பக்கத்து இருக்கையில் பாடகி கிதாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தாள். வண்டி திருப்பத்தில் இடப்பக்கம், மலைச்சாலையில் போனது.